பூசாரியைக் கடலடிக்குக் கூட்டிப்போன ஒல்கின்

கடலுக்கு அடியில் போய் வந்தவர் அங்கே பார்த்ததை வெளியே சொன்னால் செத்துப்போவார் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

மாட்டீர்கள். சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ராகுகாலம் பார்க்காமல் நீங்கள் கடைசியாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது எப்போது? உங்கள் தெருவில் எழும்பும் புது வீடுகளில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்காத வீடு எத்தனை? எண்ணிவிட்டீர்களா? சரி, இப்போது ஆன்ஸ் மாப்புக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். அளவோடு.

ஹைட்டியின் தெற்குக் கரையில் இருக்கும் ஆன்ஸ் மாப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லாசிரேன் என்ற கடல்கன்னி தனக்குப் பிடித்த ஆளைத் தண்ணீருக்கு அடியில் இழுத்துக்கொண்டு போவாள். மூன்று மாதமோ ஏழு வருஷமோ வைத்திருந்து, வைத்தியமும் குறி சொல்லும் வித்தையும் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்புவாள். திரும்பி வந்தவரிடம் என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது. சொன்னால் மரணம். லாசிரேன் ஏதாவது செய்தி சொல்லி அனுப்பியிருந்தால் அதை மட்டும் சொல்லலாம்.

இந்த ஏற்பாடு ஊரில் ஒரே ஒருவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. அவர் பூசாரி அந்தெனோர். பத்தொன்பது வயதில் மூன்று மாதம் காணாமல் போய், கையில் ஒரு பெண்பிள்ளைச் சீப்போடு திரும்பி வந்தவர். சீப்பு லாசிரேன் கொடுத்தது. அது இன்றும் அவர் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நாற்பது வருஷமாக அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஒல்கின் எக்ஸாந்துஸ் கடலுக்கு அடியில் போய் வந்தது நானூறு தடவைக்கு மேல். முதுகில் ஒரு காற்றுச் சிலிண்டர், வாயில் ஒரு ரப்பர் குழாய், இடுப்பில் ஈயக்கட்டி. கோயில் கட்டவில்லை, குறி சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், முக்குளிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் விடுதி வாசலில் பொரித்த வாழைக்காய் விற்றாள். விடுதிக்காரர் அவளை ரப்பர் உடுப்புகளை அலசிப்போட உள்ளே கூப்பிட்டார். பிறகு சிலிண்டருக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வழிகாட்டிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் கயிற்றைப் பிடிக்க அனுப்பினார். கயிற்றைப் பிடிக்கப் போனவள் கயிற்றின் அடிமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். ஒரு வருஷத்தில் அவளே வழிகாட்டி.

அப்புறம் சாலைகளைத் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். தூர தேசத்து அரசாங்கங்கள் போகக் கூடாத நாடுகளின் பட்டியலில் ஹைட்டியின் பெயரைச் சிவப்பு எழுத்தில் போட்டன. அந்தத் துப்பாக்கிகள் எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தன என்று எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. அது வேறு கதை. விருந்தாளிகள் நின்றுபோனார்கள். விடுதிக்காரர் இரண்டு வார விடுமுறை என்று கனடாவுக்குப் போனார். இது ஐந்தாவது வருஷம். அவர் விட்டுப்போனவை ஒரு கம்ப்ரஸர், பதினோரு சிலிண்டர், ஆறு முகக்கண்ணாடி, பவளத்தைத் தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதிய ஒரு பலகை. பலகையில் ஒல்கின் மீன் நறுக்குகிறாள்.

கடலில் எது விழுந்தாலும் எடுத்துத் தருவது இப்போது அவள் தொழில். நங்கூரம், படகு இன்ஜின், கயிறு அறுந்துபோன, மீன் பிடிக்கும் கூடு. ஒருமுறை தேவாலயத்து டீக்கன் தும்மியபோது கடலில் விழுந்த பல்செட்டையும் எடுத்து வந்தாள். டீக்கன் அதைக் கழுவாமலே மாட்டிக்கொண்டு நன்றி சொன்னார்.

எடுத்து வரலாம். பார்த்ததைச் சொல்ல மட்டும் முடியாது. வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அவள் சாகக் கூடாது என்ற அன்பில்தான். “நான்தான் ஆயிரம் தடவை சொல்லிட்டேனே, செத்தேனா?” என்று கேட்டால், கேட்க ஆள் இல்லாத பேச்சு கணக்கில் சேராது என்பார்கள். வேறொரு விளக்கமும் உண்டு. அவளுடைய சாவு அந்தச் சிலிண்டருக்குள்தான் அடைபட்டிருக்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இதெல்லாம் அவளுக்கு வெறும் எரிச்சல்தான். ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் வியாபாரி க்ளேபேர் வந்தார்.

தேவாலயத்தில் பூசை முடிந்து மீனவர் சங்கம் பாதாம் மரத்தடியில் கூடியது. க்ளேபேர் முன்கூட்டியே பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஐஸில் புதைத்த கோலாவும் அனுப்பியிருந்தார். தன் சிமெண்ட் படகுகள் கரைக்கு வர, எதிரே இருக்கும் சட்டித்தலைப் பாறையை உடைத்துத் தோண்ட வேண்டும் என்றார். கையில் ஒரு காகிதம். “கீழே இருப்பது செத்த பாறை, உயிர் எதுவும் இல்லை, சங்கம் சம்மதிக்கிறது” என்று அதில் இருந்தது. அந்தக் காகிதத்தை எழுதிய பொறியாளர் கடலைக் காரிலிருந்தே பார்த்தார். ஏசி வீணாகும் என்று கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

சட்டித்தலை செத்த பாறை அல்ல என்பது ஒல்கினுக்குத் தெரியும். ஆன்ஸ் மாப்பின் கூடுகளில் விழும் மீன் எல்லாம் குஞ்சாக இருந்து வளர்வது அங்கேதான். புயலில் அலையின் முதல் அடியை வாங்கிக்கொள்வதும் அந்தப் பாறைதான். அது போனால் முதல் வருஷம் கூடு காலியாகும். இரண்டாம் வருஷம் கரையோர வீடுகள் போகும். கரையிலிருந்து முதல் வீடு அவளுடையது.

அந்தெனோர் எழுந்தார். வெள்ளைச் சட்டை. அதே வாரம்தான் அவர் கோயில் கூரைக்கு முப்பது புதுத் தகரம் வந்து இறங்கியிருந்தது. யார் அனுப்பியது என்று கேட்பது மரியாதை இல்லை.

“மூணு நாளா லாசிரேன் என் கனவுல வர்றா. ‘அந்தெனோரு, இந்தப் பாறை எனக்குப் பழசாயிடுச்சு, பெட்டி படுக்கையைக் கட்டிட்டேன்’ங்கிறா.”

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

“பெட்டி படுக்கையா? அவ என்ன வாடகை வீட்டுலயா இருந்தா?” என்றாள் ஒல்கின். நாலைந்து பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். “வியாழக்கிழமை நான் அங்கதான் இருந்தேன். ஒரே ஒரு பொந்துல மட்டும் சிங்கி இறால்…”

ஐம்பத்தெட்டு உறுப்பினர்களின் கைகளும் காதுக்குப் போயின. அந்த நேரம் ஓட்டெடுத்திருந்தால் எல்லாக் கையும் உயர்ந்ததாகவே க்ளேபேர் எழுதிக்கொண்டிருப்பார்.

“அடியே மாக்கோமே, வாயை மூடித் தொலைடி!” என்று கத்தினாள் மீன்காரி சனித். அவள் மகளுக்கு ஒல்கின்தான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் மாக்கோமே என்றுதான் கூப்பிடுவார்கள். “நீ செத்தா என் பொண்ணு கல்யாணத்துல யாருடி முன்னால நடப்பா?”

ஒல்கின் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். “சொல்லலை. ஒண்ணும் சொல்லலை. காதைத் திறங்க.” காதுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் பூசாரி பக்கம் திரும்பிக் குரலைத் தேனாக்கிக்கொண்டாள். “அந்தெனோர் ஐயா, லாசிரேன் ஊரைக் காலி பண்றாளாம். மூணு மாசம் உங்களுக்குச் சோறு போட்டவ. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர வேணாமா? என்கிட்ட பதினோரு சிலிண்டர் இருக்கு. இப்பவே போயிட்டு வந்துடலாம்.”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இங்கே ஒருவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்று “ஓனே!” என்று கூவி, உள்ளிருந்து “ரெஸ்பே!” என்று பதில் வந்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வழியனுப்பாமல் ஒருத்தியைப் போகவிடுவதா?

“அதானே, ஐயா போகணும்” என்றது ஒரு குரல்.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றது இன்னொன்று.

“ஐயாவுக்கு எதுக்கு இந்த வெயில்ல சிரமம்? கோலா குடிங்க” என்றார் க்ளேபேர்.

“சிரமமா? மூணு மாசம் இருந்த வீடு அவருக்கு!” என்றாள் சனித், முழு நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கைதான் அந்தெனோரைப் படகில் ஏற்றியது.

சனித் துடுப்பு வலித்தாள். பின்னால் ஊரின் படகுகள் எல்லாம் வந்தன. பாறைக்கு மேலே போய் நின்றதும் ஒல்கின் பூசாரியின் முதுகில் சிலிண்டரைக் கட்டினாள். அவர் அவள் காதருகே குனிந்தார்.

“ஒல்கின்.”

“சொல்லுங்க ஐயா.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

அவள் வாரை இழுத்த கையை அப்படியே நிறுத்தினாள். “அப்ப அந்த மூணு மாசம்?”

“ஜெரெமி டவுனுல ஒரு பொண்ணு இருந்தா. அவ வீட்டுக்குப் பின்னால வாழைத்தோட்டம்.”

“சீப்பு?”

“அவளோடதுதான்.”

சுற்றிலும் இருபது படகு. ஒரு கத்து கத்தினால் போதும், நாற்பது வருஷக் கதை அங்கேயே மூழ்கிப்போகும். நாக்கு நுனி வரை வந்ததை ஒல்கின் விழுங்கிக்கொண்டாள். பூசாரியைத் தொலைப்பது அவள் வேலை அல்ல. இன்றைக்கு இவரைத் தொலைத்தால் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு சீப்போடு வருவார், காகிதம் மட்டும் அதேதான். தவிர, அந்த மனுஷன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூணே விஷயம் ஐயா. மூச்சை அடக்கவே கூடாது, விட்டு விட்டு இழுத்துக்கிட்டே இருக்கணும். காது வலிச்சா மூக்கைப் பிடிச்சு ஊதணும். என் கையை விடக் கூடாது. மேல போகணும்னா கட்டைவிரலைத் தூக்குங்க.”

“லாசிரேன் என்னைக் காப்பாத்துவாளா?”

“நான் காப்பாத்துவேன். வாயைத் திறங்க.”

மூன்று பாகம் ஆழம்தான், மூன்று ஆள் உயரம். அந்தெனோர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினார். அடியில் முட்டி போட வைத்து, ஒல்கின் அவர் முகக்கண்ணாடியை விரலால் தட்டினாள். ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று.

கிளிமீன் கூட்டம் ஒன்று பாறையை நறநறவென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். ஒரு பொந்திலிருந்து பாம்பு போன்ற அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது, வம்பு பேச ஆள் தேடுவது போல. ஒல்கின் அவர் கையைப் பிடித்துப் பாறையின் அடிப்பக்கம் கூட்டிப்போனாள். வியாழக்கிழமை பார்த்துவிட்டு, காலையில் சொல்ல வந்து முடியாமல்போன இடம் அது. சிங்கி இறால்கள் வரிசையாக உட்கார்ந்து நூறு மீசைகளை வெளியே நீட்டியிருந்தன. அவற்றுக்கு மேலே ஊசி நீளத்தில் களவா மீன் குஞ்சுகள், எண்ண முடியாத அளவு.

அந்தெனோர் கட்டைவிரலைத் தூக்கினார். ஒல்கின் சொன்னபடி அவரை மேலே கிளப்பினாள். அவர் கோபமாகத் தலையை ஆட்டி அவளைக் கீழே இழுத்தார். அருமை என்று சொன்னாராம்.

பத்தொன்பது நிமிடம் கழித்து மேலே வந்து, படகில் திரும்பிக் கரையில் ஈரத்தோடு நின்றார். மூக்கிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுகியது.

“லாசிரேன் போகலை. மனசை மாத்திக்கிட்டா. இந்தப் பாறையை யாரும் தொடக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லி அனுப்பினா.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ மத்தளத்துக்கு ஓடினார்கள். க்ளேபேர் கையிலிருந்த கோலாவைக் கீழே வைத்தார். சனித் தன் மாக்கோமேயின் இடுப்பைக் கிள்ளினாள். “ஜெயிச்சிட்டோம்டி! இப்படியே வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வா.”

வந்திருக்கலாம். ஒல்கினைப் பெற்றவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஒல்கினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நான் இவர் கையை விடவே இல்லை. அங்க யாரும் பேசலை. இவரும் பேசலை, வாயில ரப்பர் இருந்துச்சு.”

மத்தளத்துக்கு ஓடியவர்கள் நின்றார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். அந்தெனோர் மட்டும், ஜெரெமி கதை எப்போது வெளியே வரும் என்று ஒல்கினின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை.

“காலையில போறேன்னா. இப்ப இருக்கேங்கிறா. அடுத்த வாரம் கோயில் சுவருக்கு யாராவது சுண்ணாம்பு அனுப்பினா என்ன சொல்லுவா? ஒரு கனவுல போறவ, ஒரு கனவுல வர்றவ, மூணாவது கனவுல மறுபடி போவா. நம்ம மீன் கூடு கடல்ல கிடக்கா, இவர் கனவுல கிடக்கா? நான் சொன்னாலும் நம்ப வேணாம். இவர் சொன்னாலும் நம்ப வேணாம். இன்னும் சிலிண்டர் இருக்கு. அடுத்தது யாரு?”

எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். ஓட்டெடுப்பை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று க்ளேபேரே சொன்னார். ஒரு வாரத்தில் இன்னொரு கனவுக்கு நேரம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

“என் அலுமினியச் சட்டி போன தவக்காலத்துல அங்கதான் விழுந்துச்சு” என்றாள் சனித் திடீரென்று. “கட்டுடி அந்தப் பீப்பாயை. செத்தாலும் சட்டியைப் பாத்துட்டுச் சாகுறேன்.”

படகுகள் மறுபடி பாறைக்குப் போயின. ஒல்கினோடு இறங்கிக் கால் மணி நேரத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தவள், குழாயைத் துப்பிய வேகத்தில் கத்தினாள். “என் சட்டிக்குள்ள ஆக்டோபஸ் குடியிருக்கு! வாசல்ல சிப்பியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கு, என் மாமியாரை விடச் சுத்தம்! அடியில சிங்கி இறால், அம்மாடி, அவ்வளவு!”

யாருக்கும் காதைப் பொத்த நேரம் கிடைக்கவில்லை. சொல்லியாகிவிட்டது, கேட்டும் ஆகிவிட்டது. சனித் மெல்லத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“மாக்கோமே, நான் செத்துட்டேனா?”

“சட்டி என்ன ஆச்சு?”

“அது வீட்டை எப்படிடி பிடுங்கறது?”

“அப்ப சாகலை. வா.”

ஊர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை விடியலிலிருந்து சனித் வீட்டு வேலிக்கு வெளியே ஆள் வந்தபடி இருந்தது.

“ஓனே!”

“ரெஸ்பே! சாகலை, போங்க!”

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வயிறு போயிற்று. ஊர் பரபரப்பானது, டீக்கன் ஜெபப்புத்தகத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். தின்ற பச்சை மாங்காய் பதினொன்று என்று அவள் கணவன் சாட்சி சொன்னான். புதன்கிழமை, எட்டிப்பார்க்க வருகிறவர்களை எல்லாம் காப்பிக்கொட்டை இடிக்க வைத்தாள் சனித். இரண்டு மூட்டை இடிபட்டது. வியாழக்கிழமை காலை அவள் வழக்கம்போல் தலையில் மீன்கூடையோடு, வழக்கத்தைவிட அதிகச் சத்தத்தோடு தெருவில் நடந்தாள்.

அன்று மதியம் ஒல்கின் வீட்டு வேலிக்கு வெளியே வரிசை நின்றது. கம்ப்ரஸருக்குப் பெட்ரோல் வேண்டும், சாலை மறித்ததில் பெட்ரோலுக்குப் பஞ்சம். ஆளுக்கொரு ரம் பாட்டிலில் தங்கள் படகிலிருந்து உறிஞ்சிக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று நாளில் முப்பத்தேழு பேரை ஒல்கின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். டீக்கனால் மட்டும் பல்செட்டோடு குழாயைக் கடித்துப் பிடிக்க முடியவில்லை. அவர் படகில் குப்புறப் படுத்து, முகத்தை மட்டும் தண்ணீரில் முக்கி, ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மேலே வந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாற்பது வருஷ மௌனத்துக்கு வட்டியும் முதலுமாகப் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை க்ளேபேரின் காகிதத்துக்கு எதிராக நாற்பத்தொன்பது கை உயர்ந்தது. ஆதரவாக ஆறு. மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். க்ளேபேரின் ஆட்கள் நாற்காலிகளை, சிலர் உட்கார்ந்திருக்கும்போதே, எடுத்துக்கொண்டு போனார்கள்.

வேறு யாராவது என்றால் அன்று ஆடியிருப்பார்கள். ஒல்கின் கை தூக்கிய ஒவ்வொருவரிடமும் போய் ஏன் தூக்கினாய் என்று விசாரித்தாள். “பாத்தேன், தூக்கினேன்” என்றவர்கள் முப்பது பேர். “லாசிரேன் சொன்னா, தூக்கினேன்” என்றவர்கள் பதினெட்டு. அந்தப் பதினெட்டுப் பேரில் ஆறு பேர் நேரில் போய்ப் பார்த்தவர்கள். அவர்களை அவள் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல. மிச்சம் இருந்த ஒரு கை அந்தெனோருடையது.

“நீங்க எதுக்கு ஐயா தூக்குனீங்க?”

“ரெண்டுக்கும்தான்” என்றார் அவர். பிறகு அக்கம்பக்கம் பார்த்து, “செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை போலாமா?” என்றார். சதுப்புக்காட்டு மறைவில், இடுப்பளவுத் தண்ணீரில், யாருக்கும் தெரியாமல் அவர் நீச்சல் பழகுவது ஊருக்கெல்லாம் தெரியும்.

க்ளேபேர் இப்போது பக்கத்துக் குடாவில் இருக்கிறார். காகிதத்தில் ஊர்ப்பெயரை மட்டும் அடித்து எழுதியிருக்கிறார். செத்த பாறை அதே செத்த பாறைதான், கோலாவும் அதே கோலாதான். ஒல்கின் சிலிண்டர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு அங்கே கிளம்பியிருக்கிறாள். அவளால் எல்லாக் கரைக்கும் போக முடியாது.

அப்படி ஒரு காகிதம் உங்கள் ஊருக்கும் வரும். உங்கள் ஏரியில் தண்ணீரே இல்லை, உங்கள் ஆற்றில் மணல் மிச்சமாகக் கிடக்கிறது, உங்கள் மலை வெறும் கல் என்று அதில் எழுதியிருக்கும். நாற்காலி போட்டிருப்பார்கள், குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள். தூக்காதீர்கள். எழுந்து நின்று, முதலில் அந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று சத்தமாகக் கேளுங்கள்.